ஆங்கிலத்தில் ஆறுதல் சொல்லப் பழகுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

மார்த்தாண்டத்தில் மாலை வேளைகளில் பேச்சு ஆங்கில வகுப்பு எடுக்கிறேன். வருகிறவர்களில் பாதிப் பேர் வெளிநாட்டு வேலைக்குத் தயாராகும் செவிலியர்கள். மற்றவர்கள் கன்னியாகுமரி விடுதிகளில் வரவேற்பில் நிற்பவர்கள், கப்பல் வேலைக்குப் போகிறவர்கள், படிப்பை முடித்துவிட்டு நேர்முகத் தேர்வுகளுக்கு அலைகிறவர்கள். வழி கேட்டால் சொல்லிவிடுவார்கள், வாடகை கேட்டாலும் சொல்லிவிடுவார்கள். எதிரில் இருப்பவர் கண் கலங்கினால்தான் வாயடைத்துப் போகிறார்கள். இல்லையென்றால் "டோன்ட் ஃபீல்" என்கிறார்கள்.

வருத்தப்படாதே என்று நினைத்துத்தான் அதைச் சொல்கிறார்கள். ஆங்கிலம் பேசுபவர் காதில் அது பாதியில் அறுந்த வாக்கியம். எதை உணர வேண்டாம் என்கிறார் என்று அவர் மிச்சத்துக்காகக் காத்திருப்பார்.

கீழே வரும் தொடர்கள் எல்லாமே சின்னவை. மனப்பாடம் செய்ய ஒரு வாரம் போதும். எதை முதலில் சொல்வது, எதைக் கடைசியில் வைப்பது என்ற வரிசை படியத்தான் நாளாகும். அதனால் படிகளைத் தாண்டிப் படிக்காதீர்கள்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஒரு நோட்டுப் புத்தகம், உச்சரிப்பைக் கேட்க வசதியுள்ள அகராதி ஏற்றிய கைப்பேசி, பேசிப் பழக ஓர் ஆள். ஆள் எதற்கு என்றால், ஆறுதல் பேச்சில் பாதி நிறுத்தங்கள்தான். கண்ணாடி முன் நின்று பழகியவர்கள் அழகாக உச்சரிக்கிறார்கள். எங்கே நிறுத்துவது என்று அவர்களுக்குத் தெரிவதில்லை.

நோட்டில் ஆங்கிலத் தொடர்களை ஆங்கில எழுத்திலேயே எழுதுங்கள். நான் இங்கே தமிழ் எழுத்தில் தருவது படிக்கும் வசதிக்காக மட்டுமே. தளராதே என்ற பொருளில் மோவாயை நிமிர்த்தச் சொல்லும் தொடர் ஒன்று உண்டு: "கீப் யுவர் ச்சின் அப்". ஒரு மாணவர் அதை "சின் அப்" என்று எழுதி வைத்திருந்தார். நம் சகரம் சொல்லின் முதலில் வந்தால் மெலிந்துவிடும். அவர் வாசித்தபோது மோவாய் போய்ப் பாவம் வந்து உட்கார்ந்தது. உன் பாவத்தை உயர்த்திப் பிடி என்று நோயாளியிடம் சொன்னால் என்ன ஆகும்? அகராதியில் மூன்று முறை கேட்ட பிறகு எழுதுங்கள்.

2. துக்கத்தின் எடையைப் பாருங்கள்

வாயைத் திறக்கும் முன் செய்ய வேண்டியது இது. சின்ன ஏமாற்றம், நடுத்தர வருத்தம், பெரிய துக்கம் என மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தின் பேச்சுவழக்குத் தொடர்கள் பலவும் ஏதாவது ஓர் எடைக்குத்தான் பொருந்தும்.

விடியற்காலையில் எழுந்து முக்கடல் கரைக்கு வந்தவருக்கு மேகம் சூரியனை மறைத்துவிட்டது. கடல் சீற்றத்தால் விவேகானந்தர் பாறைக்குப் படகு நிறுத்தப்பட்டுவிட்டது. இவை சின்ன ஏமாற்றங்கள். "வாட் எ ஷேம்!" என்றால் போதும். ஷேம் என்றதும் வெட்கம் என்று பயப்பட வேண்டாம். அட, இப்படி ஆகிவிட்டதே என்பதுதான் இங்கே பொருள். "ஷேம் ஆன் யூ" என்றால்தான் வெட்கமாக இல்லையா என்ற வசை. "தட்ஸ் டூ பேட்" என்பதும் இந்த அளவுக்கே உரியது.

தேர்வில் தவறியது, விசா மறுக்கப்பட்டது, வேலை போனது, காதல் முறிந்தது ஆகியவை நடுத்தரம். ஊக்க மொழிகளில் பெரும்பாலானவை இந்த வகைக்கானவை. சாவும் கொடிய நோயும் வீடு வாசல் இழப்பும் பெரிய துக்கம்.

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையையும் 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயலையும் பார்த்த மாவட்டம் இது. அந்தக் கடற்கரை வீடுகளில் போய் உட்கார்ந்தவர்கள் யாரும் "உற்சாகமாக இரு" என்று சொல்லியிருக்க மாட்டார்கள். தமிழில் தானாக வரும் அந்த நிதானம், ஆங்கிலத்துக்கு மாறியதும் மறந்துபோகிறது. காரணம், பலருக்குத் தெரிந்த ஒரே தொடர் "சியர் அப்". அது சின்ன ஏமாற்றத்துக்கானது. நடுத்தர வருத்தத்தில் சொன்னால் எரிச்சல் வரும், பெரிய துக்கத்தில் சொன்னால் பகை வரும்.

3. தமிழ் ஆறுதலை அப்படியே மாற்றாதீர்கள்

நம் ஊரில் பரவாயில்லை என்பதற்குச் சொல்லும் "சாரமில்லை" என்ற ஒரே சொல் உடைந்த தம்ளருக்கும் ஆறுதல், தவறிய தேர்வுக்கும் ஆறுதல். அந்தப் பழக்கத்தில் "நெவர் மைண்ட்" என்பதை எல்லா இடத்திலும் போடுகிறார்கள். கை தவறித் தேநீர் கொட்டியதற்கு "நெவர் மைண்ட்" சரி. தேர்வில் தவறியவரிடம் சொன்னால், உன் தேர்வு எனக்கு ஒரு பொருட்டே இல்லை என்று கேட்கும்.

"லீவ் இட்" என்பது விடு என்பதன் நேர்மாற்று. நாம் தோளைத் தட்டிச் சொல்லும் விடு அதில் இல்லை. தொடாதே, அந்தப் பேச்சை எடுக்காதே என்ற அதட்டல்தான் இருக்கிறது. "டோன்ட் டேக் டென்ஷன்" இந்தியாவுக்கு வெளியே எடுபடாது. அதற்கு "ட்ரை நாட் டு வொர்ரி" என்பார்கள். எல்லாம் தலையெழுத்து என்பதை ஆங்கிலமாக்கவே வேண்டாம். நமக்கு அது பழியை இறக்கி வைக்கும் சொல். அவர்களுக்கோ, நடந்தது உனக்கு விதித்ததுதான் என்று தீர்ப்பு எழுதுவது போலிருக்கும்.

ஒன்று மட்டும் தப்பிக்கும். சாப்பிட்டாயா என்று கேட்பதில் உள்ள பரிவு ஆங்கிலத்திலும் செல்லுபடியாகும்: "ஹேவ் யூ ஹேட் எனிதிங் டு ஈட்?" இதைத் தைரியமாகக் கேளுங்கள். ஆனால் ஒற்றை ஆளையே "மக்களே" என்று கூப்பிடும் நம் அழைப்புக்கு ஈடு தேடாதீர்கள். அந்த ஒரு சொல்லில் இருக்கும் தாய்மடி ஆங்கிலத்தில் வேறு வழிகளில்தான் வரும்.

4. முதல் வாக்கியம்: நீங்கள் சொன்னது என் காதில் விழுந்தது

"ஐம் சாரி டு ஹியர் தட்." மூன்று எடைக்கும் பொருந்தும் ஒரே தொடர் இதுதான். அதனால் இதை முதலில் படியுங்கள்.

புதிதாக வருபவர்கள் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள். சாரி என்றால் மன்னிப்பு என்று பள்ளியிலிருந்தே பதிந்திருக்கிறது. நான் என்ன தவறு செய்தேன் என்ற கேள்வி உள்ளே இருப்பதால் இதைச் சொல்ல நா எழுவதில்லை. போன மாதம் வகுப்பில் ஒருவரிடம், "என் நாய் செத்துவிட்டது என்று நான் சொல்வேன், பதில் சொல்லுங்கள்" என்றேன். "ஓகே சார்" என்றார். ஏன் சாரி சொல்லவில்லை என்று கேட்டதற்கு, "நான் கொல்லவில்லையே சார்" என்றார். வகுப்பு சிரித்து ஓய இரண்டு நிமிடம் ஆனது. அவர் கேட்டது நியாயம்தான். அந்தச் சொல்லுக்கு இரண்டு வேலை: ஒன்று மன்னிப்பு, மற்றொன்று உன் வருத்தம் எனக்கும் வருத்தம் என்பது. இந்த இரண்டாவது வேலையை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள். யாராவது உங்களிடம் இப்படிச் சாரி சொன்னால் "இட்ஸ் ஓகே, நாட் யுவர் மிஸ்டேக்" என்று மன்னித்தும் விடாதீர்கள். "தேங்க் யூ" போதும்.

அடுத்து, "தட் மஸ்ட் பி ஹார்ட்". கஷ்டமாகத்தான் இருக்கும் என்ற ஊகம். இதில் மஸ்ட் என்பது கட்டாயம் என்ற பொருளில் வரவில்லை. நடந்து முடிந்ததற்கு "தட் மஸ்ட் ஹேவ் பீன் ஹார்ட்". நெருங்கிய நண்பர் என்றால் "தட்ஸ் ரஃப்" என்று சுருக்கலாம்.

இந்தப் படியை முதலில் வைப்பதற்குக் காரணம் உண்டு. வருத்தத்தை ஏற்றுக்கொள்ளாமல் ஊக்கத்துக்குத் தாவினால், பேச்சை முடித்துக்கொண்டு கிளம்பப் பார்க்கிறார் என்று தோன்றும்.

5. இரண்டாவது: ஒரு கேள்வி, பிறகு மௌனம்

"டு யூ வான்ட் டு டாக் அபவுட் இட்?" பேச விருப்பமா என்று கேட்கிறது; என்ன நடந்தது, எப்படி நடந்தது, யார் சொன்னார்கள் என்று துருவவில்லை. அடுக்கடுக்காகக் கேட்பது நம்மிடையே அக்கறை. அங்கே விசாரணை.

கேட்டுவிட்டு மனத்துக்குள் ஐந்து வரை எண்ணுங்கள். என் மாணவர்களில் மிகச் சிலரால்தான் மூன்றைத் தாண்ட முடிகிறது. அவர் வேண்டாம் என்றால் "தட்ஸ் ஃபைன். நோ பிரஷர்" என்று விட்டுவிடுங்கள்.

6. மூன்றாவது: உடன் இருக்கிறேன்

"ஐம் ஹியர் ஃபார் யூ" எல்லோருக்கும் பொருந்தும். "ஐவ் காட் யுவர் பேக்" நண்பர்களுக்கு இடையில். உனக்குப் பின்னால் நான் இருக்கிறேன், விட்டுக்கொடுக்க மாட்டேன் என்பது. இதைக் கேட்டுத் திரும்பி முதுகைப் பார்த்தவரும் உண்டு.

"லெட் மீ நோ இஃப் யூ நீட் எனிதிங்" என்பதும் நல்லதுதான். ஆனால் துவண்டிருப்பவர் எதையும் கேட்டு வாங்க மாட்டார். செய்யப் போவதையே சொல்வது மேல்: "ஐல் கவர் யுவர் ஷிஃப்ட் டுமாரோ." நாளை உங்கள் பணி நேரத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். மருத்துவமனை வேலைக்குப் போகிறவர்கள் இந்த ஒரு வாக்கியத்தைக் கட்டாயம் எடுத்துப் போங்கள்.

7. கடைசியில்தான் ஊக்கம்

இப்போதுதான் இணையப் பட்டியல்களில் முதலில் நிற்கும் தொடர்களின் முறை. எதைச் சொல்வது என்பது, அவருடைய வருத்தம் எந்த நிலையில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது.

சிரமம் இன்னும் முடியவில்லை, தாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் "ஹேங் இன் தேர்". கவிழ்ந்த வள்ளத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருப்பவரை நினைத்துக்கொள்ளுங்கள்: கையை விட்டுவிடாதே, கரை வரும். எல்லாம் நடந்து முடிந்துவிட்ட பிறகு இதைச் சொன்னால் பொருந்தாது. பிடித்துக்கொள்ள எதுவும் இல்லையே.

சோதனை இனிமேல்தான் என்றால் "யூவ் காட் திஸ்". உன்னால் முடியும் என்பது. நேர்முகத் தேர்வுக்கு உள்ளே போகும் முன் சொல்லலாம். வெளியே வந்த பின் சொல்வதில் பயனில்லை.

பலமுறை முயன்று இன்னும் எட்டவில்லை என்றால் "யூல் கெட் தேர்". தன்னைத்தானே நொந்துகொள்கிறார் என்றால் "டோன்ட் பீட் யுவர்செல்ஃப் அப்". அடித்துக்கொள்ளாதே என்று சொல்லுக்குச் சொல் வந்தாலும், மாரில் அடித்துக்கொண்டு அழுவதற்கும் இதற்கும் தொடர்பில்லை. பழியை உன் மேல் போட்டுக்கொள்ளாதே என்பதுதான். "இட் ஹேப்பன்ஸ் டு த பெஸ்ட் ஆஃப் அஸ்" என்பதும் இங்கே சேரும். கெட்டிக்காரர்களுக்கும் இது நடப்பதுதான்.

எந்த நிலை என்றே புரியவில்லை என்றால் "டேக் இட் ஒன் டே அட் எ டைம்". அன்றன்றைக்கு உள்ளதை அன்றன்றைக்குப் பார். இதில் பொய் வாக்குறுதி இல்லை என்பதால் எனக்குப் பிடித்தது இதுதான். "எவ்ரிதிங் வில் பி ஃபைன்" என்பதை நான் கற்றுத் தருவதே இல்லை. எல்லாம் சரியாகிவிடும் என்று நமக்கு எப்படித் தெரியும்?

8. ஒரு சொல் தவறினால் கவிழும் இடங்கள்

இவற்றை இரண்டு இரண்டாகப் படியுங்கள். தனித்தனியாகப் படித்தவர்கள் பதற்றத்தில் மாற்றிச் சொல்லிவிடுகிறார்கள்.

"ஹேங் இன் தேர்" தளராதே. "ஹேங் ஆன்" கொஞ்சம் பொறு. "கிவ் யுவர்செல்ஃப் எ பிரேக்" உன்னை வருத்திக்கொள்ளாதே. "கிவ் மீ எ பிரேக்" போதும், ஆளை விடு. "ஹார்ட் லக்" பரிவு. "டஃப் லக்" என்பதைப் பெரும்பாலும் உனக்கு வேண்டும் என்ற ஏளனமாகவே எடுத்துக்கொள்வார்கள்.

"யூல் கெட் த்ரூ திஸ்" என்பது இதைக் கடந்து வந்துவிடுவாய் என்ற நம்பிக்கை. "கெட் ஓவர் இட்" என்பது, எத்தனை நாள்தான் இதையே பிடித்துக்கொண்டிருப்பாய் என்ற கடுகடுப்பு. "புல் யுவர்செல்ஃப் டுகெதர்" என்பதும் கண்டிப்புதான். இந்த இரண்டையும் யாராவது சொன்னால் புரிந்துகொள்ளுங்கள், நீங்கள் சொல்லாதீர்கள்.

"அட் லீஸ்ட்" என்று எந்த ஆறுதலையும் தொடங்காதீர்கள். எங்கள் மாணவி ஒருவருக்கு, மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வான ஓ.இ.டி.யில் கேட்டல் பகுதியில் 340 வந்தது. பிரிட்டனில் செவிலியராகப் பதிய அதில் 350 வேண்டும். கைப்பேசியை மேசைமேல் கவிழ்த்து வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் இருந்த தோழி நல்லெண்ணத்தோடுதான் சொன்னாள்: "அட் லீஸ்ட் யூ பாஸ்ட் ரைட்டிங்." அவர் பையை எடுத்துக்கொண்டு, வழக்கத்துக்கு முந்தைய, கருங்கல் ஊருக்குப் போகும் பஸ்ஸிலேயே போய்விட்டார். மிச்சம் இருப்பதை எண்ணிப் பார்க்கும் உரிமை இழந்தவருக்கு மட்டுமே உண்டு. அவரே அதைச் சொன்னால் தலையாட்டுங்கள்.

"ஐ நோ எக்ஸாக்ட்லி ஹவ் யூ ஃபீல்" என்பதும் ஆபத்து. உடனே பேச்சு உங்கள் கதைக்குத் திரும்பிவிடும்.

9. யாரிடம் எது

"பம்மர்", "தட் சக்ஸ்" என்று இளைஞர்கள் அடிக்கடி சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். இரண்டும் ஐயோ, சே என்ற அளவிலான பரிவுதான். ஆனால் இரண்டாவதில் கொச்சை ஒட்டிக்கொண்டிருக்கிறது. மேலதிகாரியிடமும் நோயாளியிடமும் வயதில் மூத்தவரிடமும் வேண்டாம்.

"வை த லாங் ஃபேஸ்?" என்பது ஏன் முகம் தொங்குகிறது என்ற கேலி. நெருங்கிய நண்பருக்கு, அதுவும் சின்ன ஏமாற்றத்துக்கு மட்டும். "தேர், தேர்" குழந்தையைத் தட்டிக் கொடுக்கும் சொல். பெரியவரிடம் சொன்னால் மட்டம் தட்டுவதாகிவிடும்.

"டியர்" என்பதை நம்மவர்கள் செய்திகளில் தாராளமாகப் போடுகிறார்கள். அறிமுகம் குறைந்தவருக்கு அது சங்கடம். பெயரைச் சொல்லுங்கள், போதும்.

10. இறந்த வீட்டுக்கு

நம் ஊர்ச் சுவர்களில் கண்ணீர் அஞ்சலி ஒட்டிப் பழகிய கை, கைப்பேசியிலும் "ஆர்.ஐ.பி." என்று தட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறது. அது இறந்தவருக்கான வாழ்த்து. இருப்பவருக்கு நீங்கள் எதையும் சொல்லவில்லை.

"ஐம் சோ சாரி ஃபார் யுவர் லாஸ்" என்று முழுதாக எழுதுங்கள். இறந்தவரை அறிந்திருந்தால் அவரைப் பற்றி உண்மையான ஒரு வாக்கியம் சேருங்கள். ஏழாம் படியில் உள்ள எதையும் இங்கே கொண்டுவராதீர்கள்.

11. குரலும் பயிற்சியும்

முதல் வாரம் நான்காம், ஐந்தாம் படிகள் மட்டும். ஊக்கத் தொடர் ஒன்றுகூட வேண்டாம். கையில் இருந்தால் வாய் அதைத்தான் முதலில் எடுக்கும். இரண்டாம் வாரம் ஆறு, ஏழு. எட்டாம் படியின் ஜோடிகளை அதற்குப் பிறகு தொடுங்கள்.

"ஹேங் இன் தேர்" என்பதில் முக்கிய அழுத்தம் நடுவில் உள்ள "இன்" மேல் விழும். கேள்விகளைத் தவிர மற்ற ஆறுதல் வாக்கியங்கள் எல்லாவற்றிலும் முடிவில் குரல் இறங்க வேண்டும். ஏறினால் கேள்வியாகிவிடும். எங்கள் பக்கத்துப் பேச்சில் வாக்கிய முடிவை இழுத்து ஏற்றும் பழக்கம் இருப்பதால் இதைப் பதிவு செய்து கேட்டே திருத்த முடியும்.

ஓ.இ.டி. எழுதுகிறவர்களுக்கு இது கூடுதல் பயன். அதன் பேச்சுப் பகுதியில் சுமார் 5 நிமிடம் வீதம் இரண்டு நடிப்புச் சூழல்கள் வரும்; நோயாளியோடு பரிவான உறவை ஏற்படுத்திக்கொள்கிறீர்களா என்றும் மதிப்பிடுவார்கள். அதற்காக ஒரு நோயாளிக்கு மூன்று தடவை "ஐ அண்டர்ஸ்டாண்ட்" போட்டுவிடாதீர்கள். அது ரப்பர் முத்திரை குத்துவது போல ஒலிக்கும்.

340 வாங்கியவர் மறுநாள் வகுப்புக்கு வந்தபோது அதே தோழியிடம் மறுபடி பேசச் சொன்னேன். இப்படிப் போனது:

"ஐம் சோ சாரி. யூ வொர்க்ட் ரியலி ஹார்ட் ஃபார் இட்."

"ஐ திங்க் ஐம் ஜஸ்ட் ஸ்டூப்பிட்."

ஐந்து விநாடி. "டோன்ட் பீட் யுவர்செல்ஃப் அப். டென் மார்க்ஸ். யூல் கெட் தேர்."

ஐந்து விநாடி காத்தது நன்று. "டென் மார்க்ஸ்" என்ற இரண்டு சொல்லை மட்டும் நான் வெட்டியிருப்பேன். பத்தே மதிப்பெண்தான் என்பது இழந்தவருக்கு ஆறுதல் ஆகாது; வலிக்கும் இடமே அதுதான்.

12. சொற்கள் போதாத இடம்

எதிரில் இருப்பவர் வாழவே பிடிக்கவில்லை என்ற பொருள்பட எதையாவது சொன்னால், தொடர்களைத் தேடாதீர்கள். தனியே விடாமல், "லெட்ஸ் கால் சம்ஒன் டுகெதர்" என்று சேர்ந்தே அழையுங்கள். இந்தியாவில் அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸ் எண் 14416. பிரிட்டனில் 116 123, அமெரிக்காவில் 988. வெளிநாடு போகிறவர்கள் போகும் நாட்டின் எண்ணைக் கைப்பேசியில் முன்பே சேமித்துவிடுங்கள்.

13. சில நாள் கழித்து

பலரும் விட்டுவிடும் படி இது. இரண்டு மூன்று நாள் கழித்து ஒரு வரி: "ஹவ் ஆர் யூ ஹோல்டிங் அப்?" எப்படித் தாக்குப்பிடிக்கிறீர்கள் என்ற கேள்வி. "ஹவ் ஆர் யூ?" என்று கேட்டால் "ஃபைன்" என்ற பதில் தானாக வந்துவிடும். ஹோல்டிங் அப் என்று கேட்டால், நடந்ததை நீங்கள் மறக்கவில்லை என்று தெரியும்.

அதற்கும் "ஃபைன்" என்றே பதில் வந்தால் "குட் டு ஹியர்" என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போங்கள். நீளமாகப் பதில் வந்தால் நான்காம் படிக்குத் திரும்புங்கள்.